குளோரி எழுதிய கட்டுரை

குளச்சல்காரி குளோரி, மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக நர்ஸ். கைராசிக்காரி, அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது. ஆனால் அயர்லாந்தில் வேலை கிடைக்க அதெல்லாம் போதாதாம், இங்கிலீஷில் கட்டுரை எழுதிக் காட்ட வேண்டுமாம். என்ன நியாயமோ!

கணவர் ஆபேல் படகிலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவருடைய வைத்தியத்துக்கும் மகளின் படிப்புக்கும் இங்கே வாங்கும் சம்பளம் எந்த மூலைக்கு? பாஸானால் அவள் விமானம் ஏறுவாள். ஆபேலைச் சம்பளத்துக்கு ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்வாள். பாஸாக வேண்டுமென்று ஜெபிக்கவே குளோரிக்குப் பயமாக இருந்தது.

இரண்டு தடவை கட்டுரையில் மண்ணைக் கவ்வினாள். நாகர்கோவில் கோச்சிங் சென்டரில் பிரைட்டன் சார் தலையில் அடித்துக்கொண்டார். 'மோர் எஃபெக்டிவ்', அதிகப் பலன் தரும், என்று எழுதி அந்தரத்தில் விட்டுவிடுவாள். எதைவிட என்று சொல்லமாட்டாள். சொன்னாலும் மருந்தைக் கொண்டுபோய் டாக்டரோடு ஒப்பிட்டு வைப்பாள். மருந்தை மருந்தோடும் கவனிப்பைக் கவனிப்போடும்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும், இரண்டும் சமமென்றால் 'ஆஸ் எஃபெக்டிவ் ஆஸ்' போட வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள்.

மூன்றாம் தடவை வந்த கேள்வி இது: நோயாளியை வீட்டார் கவனிப்பது அதிகப் பலன் தருமா, சம்பளத்துக்கு வரும் நர்ஸ் கவனிப்பதா? பாவிகள், அவளிடமா இதைக் கேட்க வேண்டும்! எழுதத் தொடங்கியதும் பேனா நிற்கவில்லை. நர்ஸ் புண்ணைப் பார்க்கிறாள், மனைவி முகத்தைப் பார்க்கிறாள். ஆகவே நர்ஸின் கவனிப்பைவிட மனைவியின் கவனிப்பே அதிகப் பலன் தரும் என்று ஒரு பிழையும் இல்லாமல் எழுதி முடித்தாள்.

ரிசல்ட் வந்தது. பாஸ். கட்டிலருகே உட்கார்ந்து ஆபேலிடம் சொன்னாள். அவர் சிரித்தார், சந்தோஷமாகத்தான் சிரித்தார். அப்படி என்னத்தை எழுதிக் கிழித்தாய் என்று கேட்டார். அவளுக்கு மறைக்கத் தெரியாது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஆபேல் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அப்ப, போவக்கூடாதுன்னுதானட்டி எழுதியிருக்க. அதுக்கா மார்க்கு போட்டு அயர்லாந்துக்காரன் உன்ன வரச் சொல்லுதான்?"

குளோரி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, முதுகில் புண் வராமலிருக்க, அவரை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்தாள்.