ஒற்றை ஆளுக்குப் பலசரக்கு

தெருமுனைக் கடைகளைப் பற்றி உருகி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதிலும் கடைக்குப் போகாத ஆண்கள். 'முகம் பார்த்து வியாபாரம்', 'மனித உறவு' என்றெல்லாம் அவர்கள் எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணவனைப் பிரிந்து வந்த ஒருத்தி அந்தக் கடையில் நின்று அரைக் கிலோ வெங்காயம் கேட்டுப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

நான் கேட்டிருக்கிறேன். சென்னைக் குடித்தனத்தை முடித்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பி, ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பிடித்து, மாடி வீடொன்றில் தனியாகக் குடிவந்தேன். படி இறங்கினால் எதிரிலேயே அண்ணாச்சி கடை. சாமான் சுத்தமாக இருக்கும், எடையிலும் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் அண்ணாச்சியின் வாயில்தான். நிறுத்துக்கொண்டே, "மாப்பிள்ளை இன்னும் வரலியாம்மா?" என்பார். முறைத்தால் சிரிப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் தாங்கள் வாங்க வந்ததை மறந்துவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள். 'இல்லை' என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொதி சாப்பிட வேண்டும் போலிருந்தது. தேங்காய், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், இஞ்சி என்று கேட்டேன். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குச் சொதி வைக்கிற ஊர் இது. அண்ணாச்சி தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி, "சொதியா? அப்பம் மாப்பிள்ளை வாராவளாக்கும்" என்றார். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கார அம்மா மல்லிகைப்பூவோடு மாடியேறி வந்துவிட்டார். "சண்டைன்னா எல்லா வீட்லயும் உள்ளதுதான். வந்தவுகள முகங்கோணாம பாத்துக்கோ, என்ன?" என்று பூவைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஆத்திரத்தில் சொதியை வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பிட்டேன்.

மறுநாளே எங்கள் ஊர் வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறினேன். அங்கே இருந்த சூப்பர் மார்க்கெட்டை சொர்க்கம் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கூடையை எடுத்துக்கொண்டு நான்பாட்டுக்கு நடக்கலாம். தேங்காயை எடுத்தாலும் முருங்கைக்காயை எடுத்தாலும் துப்புத் துலக்க ஆளில்லை. "எதுத்தாப்புல கடை இருக்க, ஏசி கடை கேக்குதாக்கும்" என்று தெருவில் இழுத்தார்கள். ஆமாம், கேட்கிறது என்றேன்.

பில் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள், சொல்லுவேன். பில்லில் என்ன பெயர் இருக்கிறதென்று யார் படித்துப் பார்த்தார்கள்? சில மாதம் கழித்து, வாங்க வருகிறவர்கள் பக்கமாக ஒரு சின்னத் திரை வைத்தார்கள். நான் நம்பர் சொன்னதும் அதில் 'வணக்கம்' என்று வந்தது. அடுத்து என் கணவரின் பெயர். இந்தக் கடைக்குச் சென்னையிலும் கிளை உண்டு. அங்கே அந்தக் காலத்தில் என் நம்பரைக் கொடுத்துத் தன் பெயரை எழுதிவைத்தவர் அவர்தான். என் சம்பளத்தில் நான் வாங்கிய பருப்பும் சோப்பும் நாப்கினும்கூட இத்தனை மாதமாக அவர் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

பெயரை மாற்றச் சொன்னேன். "சார் ஒருதடவை நேர்ல வந்தா மாத்திரலாம் மேடம்" என்றாள் பில் போடும் பெண். சார் வரமாட்டார் என்றேன். அவளுக்கு என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. "அப்பம் நம்பர் சொல்லாம வாங்கிக்கிடுங்க மேடம், பேரே வராது" என்றாள்.

எனக்குச் சுர்ரென்றது. வாங்கினால் அவர் பெயரில் வாங்கணும், இல்லையென்றால் பெயரே இல்லாமல் வாங்கணும். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் எதிர்க்கடையை விட்டு நான் இத்தனை தூரம் வந்ததும் அப்படிப் பெயரில்லாமல் வாங்கத்தானே? என் ஊரில் எனக்குச் சோறு பொங்க நான் ஏன் ஒளிய வேண்டும்? கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். சாமான் வாங்க நாலைந்து பேர் நின்றார்கள்.

"வாம்மா, ஆளையே காணும். மாப்பிள்ளை வந்துட்டாவளா?"

"வரமாட்டாவ அண்ணாச்சி. அவுககூட இருக்க முடியாதுன்னு நான்தான் விட்டுட்டு வந்துட்டேன். இனிமே நான் என்ன வாங்குனாலும் அது எனக்குத்தான். துவரம்பருப்பு அரைக் கிலோ போடுங்க."

அண்ணாச்சி பருப்பைத் தராசில் கொட்டினார். வாயை மூடிக்கொண்டிருக்க முடிகிற மனிதரா அவர்?

"அப்பம் கேஸ் சிலிண்டர்லாம் யாரு மாத்துதா?" என்றார். நிஜமான கவலையோடுதான் கேட்டார்.

"நான்தான் மாத்துதேன். உங்க வீட்ல யாரு மாத்துதா அண்ணாச்சி?"

அண்ணாச்சி பருப்பைப் பொட்டலம் கட்டத் தொடங்கினார்.

"நான்தான்" என்றார் அவர் மனைவி, புளியிலிருந்து தலையைத் தூக்காமல்.