வாலாஜாபாத் வால்

போன ஞாயிறு மாலை, எங்கள் ஹாம் ரேடியோ நண்பர்களின் புது டிஜிட்டல் ரிப்பீட்டரில் ஒருவர் பேசி முடித்தார். அதன்பின் ஒன்றுமே கேட்கவில்லை. ரேடியோ செத்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

பழைய ரிப்பீட்டர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் இருந்தது. எங்கள் குரல்களை வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்லும் பெட்டி. பேச்சில்லாத நேரத்தில் இரைச்சலை அடைக்க அதில் ஸ்குவெல்ச் என்றொரு கதவு உண்டு. பலமான குரல் நின்றால் சட்டென்று சாத்திக்கொள்ளும். மெலிந்த குரல் என்றால், ஆள் இன்னும் பேசுவாரோ என்று சற்றுக் காத்திருந்து சாத்தும். அந்த இடைவெளியில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஓர் ‘உஷ்ஷ்’. அதை வால் என்போம். முதல் வாரம் என் மனைவி அடுப்பை அணைக்க ஓடினாள். ஆக நீளமான வால் மோசஸுடையது. வாலாஜாபாத் அரிசி ஆலையில் எலக்ட்ரீஷியன், கைக்குள் அடங்கும் சின்ன ரேடியோ. ‘வாலாஜாபாத் வாலு’ என்றே அவருக்குப் பெயர்.

எதிர்ப் பட்டுக்கடை எல்இடி பலகை மாட்டியதும் வந்தது வினை. விளக்கு எரிந்தால் அது கிளப்பும் மின் தொல்லையில் கதவு தானாகத் திறந்துகொண்டு மாலை முழுக்க ஒரே இரைச்சல். பெட்டியைப் பராமரித்த கணக்கு வாத்தியார் வரதன், கதவை இறுக்கப் போவதாகச் சொன்னார். இறுக்கினால் மோசஸின் குரல் உள்ளேயே வராது. மோசஸோ அசரவில்லை. புது ஆன்டெனா ஏற்றியாயிற்று, எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்குங்கள் என்றுவிட்டார்.

கதவை இறுக்கிச் சோதித்தபோது வரதனோடு நானும் மாடியில் இருந்தேன். மோசஸின் குரல் கண்ணாடி மாதிரி வந்தது.

“வாலாஜாபாத்துலேர்ந்து பேசிக்கினு இருக்கேன் சார். எப்டி இருக்குது?”

டுப். அவ்வளவுதான். வால் இல்லை.

வரதன் மைக்கைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். “மோசஸு, வால எங்கபா வுட்டுட்டு வந்த?”

கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். நேர் கீழே டீக்கடை வாசலில், ஹெல்மெட்டோடு, ரேடியோவை வாயருகே பிடித்துக்கொண்டு மோசஸ். மாறுவேடமாம்.

இறங்கிப் போனோம். “ஆன்டெனா இன்னும் மனசுலதான் சார் இருக்குது,” என்றார். “மில்லு சத்தத்துல பகல் பூரா ஒருத்தர் பேச்சும் காதுல வுழாது. சாயங்காலம் நீங்கதான்.”

வரதன் மூன்று டீ சொன்னார்.

மறுநாள் மாலை மோசஸ் நிஜமாகவே வாலாஜாபாத்திலிருந்து பேசினார். வால் இருந்தது, கொஞ்சம் குட்டையாக. இரைச்சலும் இருந்தது, கொஞ்சம்.

புதுப் பெட்டியில் அடுத்த தெருவும் வாலாஜாபாத்தும் ஒரே மாதிரிதான் முடிகின்றன. யார் எவ்வளவு தொலைவில் என்று தெரிவதில்லை. எதையும் தேதி போட்டுக் குறித்துவைப்பவன் நான். அந்த டீக்கும் மறுநாள் மாலைக்கும் நடுவே என்னதான் நடந்தது என்று இருவரையும் தனித்தனியே விசாரித்தேன். மோசஸ் சொன்னபடி ஆன்டெனா ஏற்றிவிட்டார் என்கிறார் வரதன். சார்தான் கதவைத் தளர்த்தினார் என்கிறார் மோசஸ். எது சரியென்று இன்னும் உறுதிப்படவில்லை.