வாஷி பாலத்தில் திரும்பி வந்த பூ

போன வருடம், மழைக்காலம் முடிந்த சமயம். மும்பையில் நான் செம்பூரில் ஏறி வாஷிக்கு வேலைக்குப் போகும் காலை லோக்கல் ரயில். அந்தப் பெண்கள் பெட்டிதான் எனக்குக் கல்லூரி. படிப்பு பாதியில் நின்றவள் நான். மாதுங்கா நூலகத்தில் இரவல் வாங்கும் சுற்றுச்சூழல் புத்தகங்களை ரயிலில்தான் படித்து முடிப்பேன். எனக்கு முந்தின ஸ்டேஷனான திலக் நகரில் ஏறும் தோழி எனக்கு இடம் பிடித்து வைப்பாள். தாராவியில் பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்ட வராது. நான் வாசிக்க, அவள் கேட்பாள்.

அன்று அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய பூசைப்பூ. மகளுக்கு வாஷி ஆஸ்பத்திரியில் பிரசவ வலி கண்டிருந்தது. சுகப்பிரசவம் வேண்டிச் சாமிக்குச் சாத்திய பூ. கால் மிதி படாமல் தண்ணீரில் சேர வேண்டும். வாஷிக்கு முன்னால் கடற்கழிப் பாலத்தில் ரயில் போகும்போது பையோடு வீசுவதுதான் இங்கே வழக்கம்.

என் கையிலிருந்த பக்கமோ அந்தத் தண்ணீரில் நிற்கும் சேற்று மரங்களைப் பற்றியது. இந்த நேரத்தில் வீசாதே என்றால் அபசகுனம். 'பேசாத வார்த்தைக்கு நீ எஜமான்' என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் விடவில்லை.

"என்னக்கா, வாய்க்குப் பூட்டா? படிங்க. எனக்குப் படபடன்னு வருது."

படித்தேன். அலையாத்திக் காடு என்றதும் நிறுத்தினாள்.

"ஆத்தியா? டீ ஆத்துத மாதிரியா?"

"அதேதான். பொங்கி வார அலைய ஆத்தி அனுப்புமாம். வேரு சேத்துக்கு மேல தலைய நீட்டி மூச்சு விடுமாம்."

"அது மேல பை விழுந்தா?"

நான் புத்தகத்திலிருந்து நிமிர்வதற்குள் அவளே சொன்னாள்: "மூச்சு முட்டுமேக்கா. எம்புள்ள அங்க மூச்ச இழுத்து இழுத்து விட்டுக்கிட்டுக் கெடக்கா."

பாலம் வந்தது. வாசலுக்குப் போனாள். "பூவ மட்டும் விடுதேன். சாமி கோவிச்சுக்காது" என்று முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள். காற்று விடுமா? அத்தனை பூவும் பெட்டிக்குள் திரும்பி வந்து எங்கள் தலையில் விழுந்தது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஏத்துக்கலையேக்கா!"

எதிரே இருந்த மராட்டி அம்மாள் தன் தலையில் விழுந்த செவ்வந்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அரே, ஆசீர்வாத் மிலா!" என்றாள். ஆசீர்வாதம் கிடைத்துவிட்டதாம்! அவ்வளவுதான், ஒரே சிரிப்பு. மிதிபடக் கூடாதே என்று ஆளாளுக்குக் குனிந்து பொறுக்கி, அவரவர் வீட்டுத் துளசித் தொட்டிக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார்கள். காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தோழி வாஷியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

எனக்கு வேலையே ஓடவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் பழி என் வாசிப்பின் மேல்தானே விழும்? மத்தியானம் போன் வந்தது.

"பொம்பளப் பிள்ளக்கா! என்ன சத்தம் போடுதா, நீங்களே கேளுங்க!"

உலகத்தைக் காப்பாற்றும் வழியைப் பெரியவர்கள் புத்தகத்தில் எழுதி வைக்கிறார்கள். அதை உரக்கப் படிக்க ஒருத்தியும், நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க ஒருத்தியும் இருந்தால்தான் அது வீடு வந்து சேரும் என்பது எனக்கு அன்று புரிந்தது, இன்றும் மாறவில்லை.