எல்லாவற்றுக்கும் சரி

எட்டு வயதில் நான் தங்கச்சிக்காக ஒரு பரீட்சை எழுதினேன். அவளுக்கு அப்போது இரண்டு வயது.

அச்சுவேலியில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் கிளினிக்கில் கொடுத்த பிள்ளை வளர்ச்சிப் புத்தகத்தை அம்மா என் மடியில் வைத்தார்.

"நாளைக்கு கிளினிக்கிலை மிஸ்ஸி கேப்பா. நீதானே பள்ளிக்கூடம் போறனி, வாசிச்சுச் சரி பிழை போடு தம்பி."

முதல் கேள்வி: பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா? விறாந்தையில் வெங்காயங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த தங்கச்சியை மூன்று தரம் கூப்பிட்டேன். திரும்பவில்லை. காது கேளாதென்றும் சொல்லமுடியாது. இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுக் கேட்டாலே படலைக்கு ஓடிவிடுவாள். என் குரல்தான் அவளுக்குத் தேவைப்படவில்லை.

விரும்பியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா? இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் பிஸ்கற் ரின்மேல் வைப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். என்றாலும் கையையாவது பிடிக்கிறாளே என்று நான் நாள் முழுக்க அவளுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

சொற்கள் பேசுகிறதா? அப்பாவைக் கேட்டேன்.

"நானும் நாலு வயசிலைதான் வாய் திறந்தனானாம். இப்ப ஆர் என்ரை வாயை மூடுறது?" என்று சிரித்தார்.

என் கொப்பியில் பிழைக்குறி விழுந்தால் எனக்கு அடி விழும். தங்கச்சியை நான் அப்படி விட்டுவிடுவேனா? எங்கள் வாத்தியாரைப் போலவே வால் நீட்டி எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

மறுநாள் கிளினிக் வாங்குகளில் தாய்மாரும் பிள்ளைகளும் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். தாதி மிஸ்ஸி புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினார்.

"பிள்ளை கதைக்கிறாளோ அம்மா?"

"தமையன் எல்லாம் வடிவாப் போட்டிருக்கிறான் மிஸ்ஸி."

மிஸ்ஸி என்னைப் பார்த்து, "கெட்டிக்காரன்" என்றார். அம்மாவின் மடியில் தங்கச்சி மேலே சுற்றும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை மிஸ்ஸி நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வழியெல்லாம் அவள் காதுக்குள், "நீ பாஸ்" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் தலையை விலக்கிக்கொண்டாள்.

பிறகு ஐந்து வயதில் பாலர் பாடசாலை அவளைத் திருப்பி அனுப்பும்வரை அவளைப்பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இடைப்பட்ட மூன்று வருடமும் விறாந்தையில் அவளும் நானும்தான். ஒரு பிழைக்குறி போட்டிருந்தாலும் யாராவது ஒருவர், அவளோடு எப்படி விளையாடுவது என்று தெரிந்த ஒருவர், எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருப்பார். அப்போது அது எனக்குத் தெரியாது. பிழை என்றால் அடி என்பது மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது.