பெண் பார்க்கப் போகாத என் மகள்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, பூசையை முடித்துப் பதிகம் ஓதிக்கொண்டிருந்தேன். வாசலில் தலைப்பாகை கட்டிய ஒருவர் வந்து நின்றார். கையில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். அறிமுகமில்லாத முகம்.

"எருமப்பட்டிப் பக்கமிருந்து வாரனுங்க. உங்க அம்முணி எங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போய் ஒரு மாசமாச்சு. தாக்கல் ஒண்ணுமே வரலீங்களே... அதான் நானே வந்துட்டேன்."

"என்ன சேதி?" என்றேன்.

"எம் பொண்ணைப் புடிச்சிருக்குதா இல்லீங்களான்னு..."

பதிகப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

என் மகள் சேலத்தில் பி.ஏ. சமூகவியல் படிக்கிறாள். 'அதைப் படித்து என்ன ஆகப் போகிறாள்?' என்று கேட்காத உறவினர் இல்லை. அந்தப் படிப்பில் களப்பணி என்று ஒன்று உண்டு. வீடு வீடாகச் சென்று குடும்பங்களைப் பற்றி விசாரித்து எழுத வேண்டும். விடுமுறையில் வந்தவள் எருமப்பட்டிக்கு பஸ் ஏறினாள். நானும் பெருமையோடுதான் அனுப்பினேன்.

என்ன கேட்டாளாம் தெரியுமா? என்ன கூட்டம்? குலதெய்வம் எது? நிலம் எவ்வளவு? பிள்ளைகள் என்ன படித்திருக்கிறார்கள்?

கூட்டம் என்பது எங்கள் குலப்பிரிவு; ஒரே கூட்டத்தார் அண்ணன் தங்கை முறை. ஆகவே பெண் கேட்டு வருகிறவர்கள் நம் பக்கத்தில் முதலில் விசாரிப்பது அதைத்தான். நீங்களே சொல்லுங்கள் - இந்தக் கேள்விகளை இந்த வரிசையில் கல்லூரியா கேட்கும்?

அவர்களும் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். "உனக்கு அண்ணன் இருக்கானா அம்முணி?"

"இருக்காருங்க. பாங்க்ல வேலை."

போதாதா? பேட்டி காண்பவர் தம்மைப் பற்றியும் சொன்னால்தான் மக்கள் மனம் திறப்பார்களாம். பேராசிரியை கற்பித்த பாடம்!

என் மகனுக்கோ எடப்பாடியில் பெண் நிச்சயமாகிவிட்டது. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். வந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜேடர்பாளையத்துல ஒரு எடம் முடியற மாதிரி இருந்துச்சுங்க. உங்களை நம்பி அவுங்களை நிறுத்தி வெச்சுப்போட்டேன். வந்து பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க, பொண்ணுகிட்ட என்னமோ குத்தம்னு ஊரு சொல்லுமுங்களே சாமி..."

ஊரும் உறவும் குலமும் இல்லாதவன் என்று நாள்தோறும் நான் பாடிப் பரவும் இறைவனிடம் என் மகள் போயிருந்தால், அவள் கேள்வித்தாளில் ஒரு கட்டமும் நிரம்பியிராது. ஒருவருக்கும் தீங்கு வந்திராது. முகமறியாத ஒரு பெண்ணின் வாழ்வுக்கல்லவா நாங்கள் தடையாகிவிட்டோம்?

சேலத்திலிருந்து மகளை வரவழைத்தேன். ஞாயிறன்று எருமப்பட்டிக்காரரோடு ஜேடர்பாளையம் போய்ச் சேர்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளையின் தந்தை நம்பவில்லை.

"கூட்டம் கேட்டிருக்கீங்க. நெலம் கேட்டிருக்கீங்க. பொண்ணு படிப்பும் கேட்டிருக்கீங்க. இதுக்கு மேல பொண்ணு பாக்கறதுன்னா என்னதானுங்க?"

எருமப்பட்டிக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. அப்போது என் மகள், மாப்பிள்ளையின் தாயாரை நோக்கி, "ஏனுங்க அத்தை, அதே கேள்விகளை உங்களையும் கேக்கட்டுங்களா?" என்றாள்.

கூட்டம் கேட்டாள். நிலம் கேட்டாள். பிறகு -

"ஊட்டுல கக்கூஸ் இருக்குதுங்களா? ஓட்டுப் போடறப்ப யாரு பேச்சைக் கேட்டுப் போடுவீங்க? ஊட்டுல கடைசியாச் சாப்பிடறது யாருங்க?"

"நாந்தான் கண்ணு..." என்றார் அந்த அம்மாள். "இதைக்கூடவா காலேஜுல கேக்கறாங்க?" பிறகு கணவரைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தவ கக்கூஸ் இருக்குதான்னா கேப்பா? இது படிப்பேதானுங்க!"

எருமப்பட்டிக்காரர் மெல்ல வாய் திறந்தார். "எங்க ஊட்டுலயும் கேட்டுச்சுங்க. வெக்கமா இருந்துச்சு, அதான் வெளிய சொல்லலை..."

அன்றே வெற்றிலை பாக்கு கைமாறியது. அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், "அந்த அம்மாள் உன்னைத் தனியே அழைத்துப் போனார்களே, என்ன விஷயம்?" என்று கேட்டேன்.

"நம்ம என்ன கூட்டம், எனக்கு எப்பப் படிப்பு முடியுதுன்னு கேட்டாங்கப்பா. சொன்னேன்."

நேற்று ஜேடர்பாளையத்திலிருந்து ஆள் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை வாழைப்பழத்தோடு வருகிறார்களாம்... மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி இருக்கிறான்!