ஆயுத பூஜையன்று ஒரு ஹாட் ஸ்வாப்

நேர்முகத் தேர்விலேயே ‘ஹாட் ஸ்வாப்’ என்ற சொல்லைப் பெருமையாக எடுத்து விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் வேலை கேட்டுப் போன இடம், மலேசியாவில் கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் ஒரு துணிக் கிடங்கு. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் அவர்களுக்குப் புடவைக் கடைகள். இரண்டு கடைகளிலும் பில் போடுவது, இருப்புப் பார்ப்பது எல்லாமே கிடங்கு மாடியில் இருந்த ஒரே ஒரு சர்வரை நம்பித்தான் ஓடியது.

“அதுல டிஸ்க் கெட்டுப்போனா என்னம்மா செய்வே?” என்று முதலாளி கேட்டார்.

“ஹாட் ஸ்வாப் பண்ணுவேன் பாஸ்.”

“அப்படின்னா?”

மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அணைக்க வேண்டாம், கெட்ட பாகத்தை மட்டும் உருவிவிட்டு நல்லதைச் சொருகலாம் என்று விளக்கினேன். எல்லாப் பாகத்துக்கும் இது பொருந்தாது, அப்படி மாற்றுவதற்கென்றே செய்தவற்றுக்கு மட்டும்தான் இந்தப் பேர். சர்வர் டிஸ்க்கை உருவலாம். சாதாரண ரேமை ஓடும்போது உருவினால் கதை கந்தல். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“ஓடுற லோரியில டயர் மாத்துவேங்கிற. பார்ப்போம் லா. மூணு மாசம் ட்ரையல். நல்லா செஞ்சா கன்ஃபர்ம் பண்றேன்.”

வகுப்பில் வாத்தியார் செய்ததை வேடிக்கை பார்த்ததோடு சரி, என் கையால் ஒரு டிஸ்க்கைக்கூட உருவியதில்லை. அதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மூன்றாவது மாதம் முடிகிற வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. தீபாவளிக் கூட்டம் என்பதால் கடைகளுக்கு லீவு கிடையாது. பூஜை கிடங்கில் மட்டும். முதலாளியம்மா காலையிலேயே சந்தனக் கிண்ணத்தோடு இறங்கிவிட்டார். தராசு, தையல் மெஷின், லோரி, பிரிண்டர் என்று எதுவும் அவரிடம் தப்பவில்லை. நான் கீழே சுண்டலில் மும்முரமாக இருந்தபோது சர்வர் அறைக்கும் போயிருக்கிறார்.

சர்வரின் முன்பக்கத்தில் எட்டு டிஸ்க்குகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கடுகளவு ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் நல்லது, ஆரஞ்சு எரிந்தால் கெட்டது. பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் வேறு எது? எட்டு விளக்கின் மேலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பதினொரு மணிக்கு மாடியில் ஏதோ ‘கீங் கீங்’ என்று கத்தத் தொடங்கியது. லோரி ரிவர்ஸ் எடுக்குது என்றார் யாரோ. லோரி மாலை போட்டுக்கொண்டு டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தோடு சும்மா நின்றது. நான் படிக்கட்டில் பறந்தேன்.

எட்டில் ஒரு டிஸ்க் போய்விட்டது. ஒன்று போனால் மற்ற ஏழும் சேர்ந்து சமாளிக்கும், அதுதான் ஏற்பாடு. ஆனால் அந்த நேரத்தில் தவறிப்போய் நல்லதில் ஒன்றை உருவினால் மொத்தமும் படுத்துவிடும். பேக்கப்பிலிருந்து மீட்க ஒரு நாள் முழுக்க ஆகும். இரண்டு கடையும் நிற்கும், கூடவே என் வேலையும் போகும். எது செத்தது? திரை ‘டிஸ்க் 2’ என்றது. இந்தப் பெட்டி ஒன்றிலிருந்து எண்ணுகிறதா, சுழியத்திலிருந்தா? ஒன்றிலிருந்து என்றால் இரண்டாவது, சுழியத்திலிருந்து என்றால் மூன்றாவது. விளக்கைப் பார்த்தால் தெரியும். விளக்கின் மேல் பொட்டு! எட்டும் மணமேடைப் பெண்கள் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தன. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, கூடவே அடக்கமுடியாத சிரிப்பும்.

டிஷ்யூவை உருவினேன். “ஐயோ, பூஜையன்னிக்குப் பொட்ட அழிக்கக்கூடாதும்மா!” முதலாளியம்மா பின்னாலேயே வந்திருந்தார். முதலாளியும்தான்.

“அப்ப ஆஃப் பண்ணிட்டுப் பாரேன்” என்றார் முதலாளி.

“ஆஃப் பண்ணா கடை நின்னுடும் பாஸ்! ஆன்டி, அழிக்க வேணாம். நீங்களே கொஞ்சம் தள்ளி வச்சிடுங்க.”

அது முதலாளியம்மாவுக்குச் சரியென்று பட்டது. முருகா முருகா என்றபடி விரல் நுனியால் முதல் பொட்டை வலப்பக்கம் நகர்த்தினார். பச்சை. இரண்டாவதும் பச்சை. மூன்றாவது, ஆரஞ்சு! நான் போட்ட கூச்சல் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். டிஷ்யூ எடுக்கும்வரை என் மனசு இரண்டாவதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பிடியை அழுத்தி மூன்றாவதை உருவினேன். காற்றாடிச் சத்தம் மாறவில்லை. கடையிலிருந்து போன் எதுவும் வரவில்லை. அலமாரியிலிருந்த புது டிஸ்க்கைச் சொருகியதும் அதன் விளக்கு படபடவென்று சிமிட்டியது. என் கையால் முதல் ஹாட் ஸ்வாப்! எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

என்னைவிட முதலாளிக்குத்தான் குஷி. “அவ்ளோதானா? கட ஓடிக்கிட்டுதான் இருக்கா? எங்க, நானும் ஒண்ணு எடுத்துப் பார்க்கிறேன்” என்று இரண்டாவது டிஸ்க்கின் பிடியில் கை வைத்தார்.

புது டிஸ்க்கில் தகவல் ஏறி முடியவே பல மணி நேரம் ஆகும். அதுவரை வேறெதையும் தொடவே கூடாது. இதையெல்லாம் சொல்ல என் வாய் திறப்பதற்குள் கை முந்திக்கொண்டது. அவர் புறங்கையில் பளாரென்று ஓர் அடி.

ட்ரையலில் இருக்கிறவள் முதலாளியை அடித்துவிட்டேன். “சாரி பாஸ், இன்னும் டேட்டா ஏறல, இப்ப எடுத்தா எல்லாமே போயிடும்” என்று உளறினேன்.

முதலில் சிரித்தது முதலாளியம்மா. “இத்தன வருஷமா நான் அடிக்கணும்னு நெனச்ச கை” என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

முதலாளி சிவந்த கையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “கன்ஃபர்ம் லா. லெட்டர்ல சைன் மட்டும் நாளைக்குப் போடுறேன். இப்ப கை வலிக்குது.”