சுவரில் முப்பத்தெட்டுக் கோடுகள்

சென்ற மழைக்காலத்தில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, பதினொரு குடும்பங்கள் எங்கள் தோட்டப் பாடசாலையில் வந்து தங்கின. தோட்ட அலுவலகத்தில் பதிவுகள் எழுதும் இலிகிதர் நான் என்பதால் அவர்களுடைய பெயர், வயது, வீட்டு இலக்கம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பெண் இலக்கத்தைச் சொல்லிவிட்டு, "அத எழுதாதீங்க ஐயா, அந்த வீடுதான் இல்லையே" என்றாள். அன்று நான் நடுங்கவில்லை. நல்ல கையெழுத்தில் எழுதி முடித்தேன்.

நடுக்கம் ஆறு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு வந்தது. கூரைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதியில் நின்றது. விரல்நுனிகளும் உதட்டைச் சுற்றிய இடமும் மரத்துப்போயின. சாகப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருபது நிமிடத்தில் மழை விட்டது, எல்லாம் அடங்கியது. வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தது.

இதய நோய் பற்றி வீட்டில் இருந்த புத்தகங்களைப் புரட்டி, நோயை நானே முடிவு செய்துகொண்டேன். நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை நெஞ்சில் கம்பிகள் ஒட்டிப் படம் எடுத்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. அவற்றுக்குத் தேதி போட்டு எடுத்து வைத்தேன்.

எங்கள் வீட்டின் பின்சுவருக்கும் மலைச்சரிவுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் அளவுதான் இடம். அந்தச் சுவரின் உட்பக்கத்தில், சன்னலுக்குக் கீழே ஒரு வெடிப்பு உண்டு. மழை பெய்யும் ஒவ்வொரு காலையிலும் வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தேதி எழுதினேன். மண்சரிவுக்குப் பிறகு வீடுகளைப் பார்க்க வந்த அதிகாரிகள் பூச்சு மட்டும்தான் வெடித்திருக்கிறது, சுவர் உறுதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் வந்தது வெயில் நாளில் என்பதை நான் குறித்து வைத்திருந்தேன்.

"மலை வர்றதுன்னா ஒங்க பென்சில்கிட்ட கேட்டுட்டா வரும்?" என்றாள் மனைவி.

"சிரிக்காத. கோடு தள்ளிப் போச்சுன்னா தெரியும்ல."

"தள்ளித்தான் போவும். ஒரே எடத்துல இத்தன கோட்ட எங்கதான் போடுவீங்க?"

வெடிப்பு வளரவே இல்லை. ஆனாலும் மழை நாட்களில் மகளைப் பாடசாலைக்கு அனுப்புவதை நிறுத்தினேன். அவள் பாடசாலை இருக்கும் தலவாக்கலைக்குப் போகும் பஸ் மலையை வெட்டிய பாதையில் போகிறது. அவள் உயர்தர வகுப்பில் கடைசி வருடம். முதலில் சண்டை போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, பையை இறக்கி வைக்கப் பழகிக்கொண்டாள். அவள் வீட்டில் இருந்த நாட்களில் என் மூச்சு சீராக இருந்தது. ஒவ்வொன்றையும் அவளைக் காப்பாற்றிய நாள் என்றே நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் பாடசாலை அதிபரிடமிருந்து கடிதம் கொண்டுவந்தாள். இதற்கு மேல் வரவு குறைந்தால் பரீட்சைக்கு அனுமதிக்க இயலாது என்று அதில் இருந்தது. கடிதத்தை என் கையில் தந்துவிட்டு, நீலப் பேனாவோடு சுவர் முன்னால் உட்கார்ந்தாள். தன் வரவுப் பதிவைப் பார்த்துப் பார்த்து, பாடசாலைக்குப் போகாத ஒவ்வொரு நாளுக்கும் என் கோட்டின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். கோடுகள் முப்பத்தெட்டு. புள்ளி இல்லாதவை பத்து, அவை சனி ஞாயிறு.

"மண்ணு நகரவே இல்லப்பா," என்றாள். "நான்தான் நகர முடியாம கெடக்கேன்."

படம் எடுத்த ஆஸ்பத்திரியில் போகச் சொல்லியும் போகாமல் இருந்த மனநல கிளினிக்குக்கு அந்த வாரமே போனேன். டாக்டர் சிங்களவர். அவர் பேசியதைப் பக்கத்தில் நின்ற தாதி தமிழில் சொன்னார். பயத்துக்கு இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல் என்பதால் அதை மட்டும் யாரும் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"செவுத்த பாத்தா நிம்மதியா இருக்கான்னு டாக்டர் கேக்குறாரு."

"இருக்கு."

"எவ்வளவு நேரத்துக்கு?"

யோசித்தேன். "மொத மொத அர நாள் இருந்துச்சு. இப்ப கதவுகிட்ட வர்ற வரைக்கும்தான்."

டாக்டர் தலையாட்டினார். பிறகு அவர் சொன்னதை நான் எழுதிக்கொண்டேன். சிலருக்கு ஆபத்தை அறிவிக்கும் மணி பிறவியிலேயே சட்டென்று அடிக்கும். என் அம்மாவும் இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போவாள். அந்த மணியை மண்சரிவு ஓங்கி அடித்துவிட்டது. கோடு போடும்போதும் மகளை நிறுத்தும்போதும் மணி ஓய்கிறது. ஆனால் நான் அப்படிச் செய்ததால்தான் தப்பினோம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அதனால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் அடிக்கிறது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நானாக நிறுத்தக் கூடாது. மிச்ச வைத்தியம் நான் செய்ய வேண்டியது: பயம் வரும்போது எதுவும் செய்யாமல் அது தானாக இறங்கும் வரை இருப்பது.

"நெசமாவே மலை வந்தா?" என்று கேட்டேன்.

"மண்சரிவு எச்சரிக்கை வந்தா, எல்லாரோடயும் வெளியேறுங்க. அன்னைக்குப் புள்ளையையும் அனுப்பாதீங்க. வரலன்னா அனுப்புங்க. அத நீங்க முடிவு பண்ண வேணாம்னு சொல்றாரு."

மாத்திரை தொடங்கிய ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை, விடியும்போதே மழை; கடிதம் வந்த பிறகு காலையில் பெய்த முதல் மழை. எச்சரிக்கை எதுவும் இல்லை. போனில் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். மூன்றாம் தடவை மகள் போனை வாங்கி மனைவியிடம் கொடுத்தாள். குடையோடு பஸ் நிற்கும் இடம் வரை நடந்தோம். என் கால்கள் மரத்திருந்தன.

"செவுத்த பாக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"ஏறு, பஸ் போயிரும்."

பஸ் வளைவில் மறைந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கத்த வாய் திறந்து, மூடிக்கொண்டேன். வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்துக்குப் போய், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயம் ஏறியது, இன்னும் ஏறியது. நாற்பது நிமிடம் கழித்து, மழை அதே வேகத்தில் பெய்துகொண்டிருக்க, அது கொஞ்சம் இறங்கியது. மழை நிற்காமலும் நான் கோடு போடாமலும் அது இறங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

பிற்பகல் மகள் நனைந்து வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேரே சுவரிடம் போய்க் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, புதுக் கோடு இல்ல!"

"நாளைக்கும் மழையாம்," என்றாள் மனைவி, என்னைப் பார்த்து.

மறுநாளும் பெய்தது. என் கால்கள் மறுபடி மரத்துப்போயின. மகள் பஸ் ஏறினாள்.